லண்டன் கவுன்சில் தேர்தலில் ஒரே கட்சியின் மூவரில் இருவர் வென்று ஒருவர் மட்டும் தோற்றது எப்படி? எண்ணிக்கையில் மோசடி நடந்திருக்குமா?

உங்கள் வட்டாரத்தில் ஒரே கட்சிக்காக நின்ற மூவரில் இருவர் தெரிவாகிவிட, மூன்றாமவரான தமிழர் மட்டும் சொற்ப வாக்குகளால் தோற்றிருக்கிறார். ஒரே கட்சிக்கு விழுந்த வாக்கு ஒருவரை மட்டும் எப்படி விட்டுப்போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். 2018ஆம் ஆண்டுத் தேர்தலில் வடமேற்கு லண்டனின் ஒரு வட்டாரத்தில் அந்த மூன்றாமவராக நின்றவன் நான். அதனால் இந்தக் கேள்வியை வாசித்துவிட்டுப் பேசாமல் போக என்னால் முடியவில்லை.

மோசடி நடந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் இலங்கையிலிருந்து அண்மையில் வந்தவர் என்று நினைக்கிறேன். அங்கே பாராளுமன்றத் தேர்தலில் முதலில் கட்சிக்கு ஒரு புள்ளடி (X அடையாளம்) இட்டு, பிறகு அதே கட்சிப் பட்டியலில் மூவருக்கு விருப்பு வாக்கு அளித்துப் பழகியவர்கள் நாம். இங்கே கவுன்சில் தேர்தலில் கட்சிக்கென்று தனியாக ஒரு வாக்குக் கிடையாது. மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் வட்டாரமென்றால் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில் கலந்து நிற்பார்கள். வாக்காளர் அவர்களில் எவருக்கும் மூன்று புள்ளடிவரை இடலாம். மூன்றையும் ஒரே கட்சிக்கு இடலாம், பிரித்தும் இடலாம், ஒன்றோடு நிறுத்தியும் விடலாம், எல்லாம் செல்லுபடியாகும். மூன்றுக்கு மேல் இட்டால் சீட்டு நிராகரிக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற முதல் மூவர் உறுப்பினர்கள். அவர்களின் கட்சியை அங்கே எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

இந்த முறை எப்படியெல்லாம் முடிவுகளைத் திருப்பும் என்பதற்கு 2022 மே 5ஆம் திகதி நடந்த தேர்தலையே பார்க்கலாம். லண்டன் பரோ எனப்படும் தனித்தனி உள்ளூராட்சிப் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றான லூஷம் பரோவின் 54 ஆசனங்களும் தொழிற்கட்சிக்கே போயின. அங்கே வேறு எவருக்கும் வாக்கு விழவில்லை என்பதல்ல இதன் பொருள். 1978 முதல் கன்சர்வேட்டிவ் கட்சியிடம் இருந்த வான்ட்ஸ்வர்த்தையும், பரோ உருவான காலந்தொட்டு அவர்களிடமே இருந்த வெஸ்ட்மின்ஸ்டரையும் தொழிற்கட்சி கைப்பற்றிய அதே நாளில், தமிழர் செறிந்து வாழும் ஹரோவை 55இல் 31 ஆசனங்களோடு கன்சர்வேட்டிவ் கட்சி எடுத்துக்கொண்டது. குரொய்டனில் மேயர் பதவி அறுநூறுக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. ஆனால் அதே வாக்காளர்கள் அதே நாளில் தெரிவு செய்த 70 பேர் கொண்ட சபையில் தொழிற்கட்சிக்கு 34, கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 33. பரோக்களே இப்படிப் பிளவுபடும்போது ஒரு வட்டாரம் பிளவுபடுவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இனி என் கதைக்கு வருகிறேன். என் பெயர் ஆனந்தன். என் தந்தையார் பெயர் வைத்திலிங்கம். 1991இல் இங்கே வந்து பதிந்தபோது, நம்மில் பெரும்பாலானோருக்கு நடந்தது போலவே, தந்தையின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. இங்குள்ள வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் அச்சாகும். எங்கள் வட்டாரத்தில் மூன்று கட்சிகளிலிருந்து ஒன்பது பேர் நின்றோம். என் கட்சித் தோழர்களில் ஒருவரின் பெயர் சீட்டின் உச்சியில், இன்னொருவருடையது நான்காவதாக, என்னுடையது அடியில் ஒன்பதாவதாக. மேலிருந்து வாசித்து வருபவர், தெரிந்த கட்சிச் சின்னம் இரண்டைக் கண்டு புள்ளடி இட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று சீட்டை மடித்துவிடுகிறார். பல ஆசன வட்டாரங்களில் அகரவரிசையில் முன்னே நிற்பவருக்கு அனுகூலம் உண்டு என்பது தேர்தல் முடிவுகளை ஆராய்பவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விடயம்தான். அதை நான் என் தோல்விக்காகக் கண்டுபிடிக்கவில்லை.

வேட்புமனு நிரப்பும்போதே கட்சியின் முகவர் ஒருவர் இதைச் சொன்னார். பரவலாக வழங்கும் பெயரைச் சீட்டில் அச்சிட்டுக்கொள்ள விதிகளில் இடமுண்டு. உங்களை எல்லோரும் ஆனந்தன் என்றுதானே அழைக்கிறார்கள், அதையே குடும்பப் பெயரிடத்தில் போட்டால் முதலாவதாக வந்துவிடுவீர்களே என்றார். நல்ல எண்ணத்தில் சொன்ன ஆலோசனைதான். நான் மறுத்தேன். என் ஐயா கரவெட்டியில் வாழ்ந்து, நான் இங்கிருந்து கடைசிவரை போய்ச் சேர முடியாத ஒரு காலத்தில் அங்கேயே இறந்தவர். இந்த நாட்டின் ஒரு வாக்குச்சீட்டில் அவருடைய பெயர் அச்சாகப்போகிறது என்ற ஒன்றே எனக்கு வேட்பாளராக நிற்பதற்குப் பாதிக் காரணமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு நிற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இது பிடிவாதம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இன்று கேட்டாலும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

வாக்கெண்ணியது ஒரு விளையாட்டு மண்டபத்தில். முதலில் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள சீட்டுகளின் தொகை, வாக்குச்சாவடி கொடுத்த கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மூன்று புள்ளடியும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகளைக் கட்டுகளாகப் பிரிப்பார்கள். அவற்றை எண்ணுவது இலகு. மிஞ்சிய கலப்புச் சீட்டுகளை ஒவ்வொன்றாக ஒருவர் வாசிக்க, மற்றவர் தாளில் வேட்பாளர் பெயருக்கு நேரே கோடிடுவார். நாங்கள் மேசைக்கு எதிரே நின்று ஒவ்வொரு சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டுகள் எண்ணி முடிந்தபோது நாங்கள் மூவரும் முன்னே இருந்தோம். கலப்புச் சீட்டுகள் தொடங்கிய பிறகுதான் என் கோடுகள் பின்தங்கின. என் தோழர்கள் இருவருக்கும் புள்ளடி, மூன்றாவது இல்லை; அடுத்ததும் அப்படியே; அதற்கடுத்ததில் இருவருக்கும் இட்டுவிட்டு மூன்றாவதை எதிர்க்கட்சியின் பழைய உறுப்பினருக்கு. அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

முதல் எண்ணிக்கையில் 17 வாக்குகளால் பின்னே நின்றேன். மீள எண்ணக் கேட்டேன். தேர்தலை நடத்தும் தெரிவத்தாட்சி அலுவலர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். முடிவில் என் தோழர்களுக்கு 1,502, 1,455, எதிர்க்கட்சிக்காரருக்கு 1,388, எனக்கு 1,374. பதினான்கு வாக்குகள். செல்லுபடியான சீட்டுகள் 3,412. ஆளுக்கு மூன்று வீதம் 10,236 புள்ளடிகள் விழுந்திருக்கலாம். ஒன்பது பேரின் வாக்குகளையும் கூட்டினால் 9,418தான். 818 புள்ளடிகள் இடப்படவே இல்லை. உங்கள் வட்டாரத்தின் முடிவு அறிவித்தலை எடுத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அந்தக் கூட்டலிலேயே கிடைத்துவிடும்.

இதை எழுதும்போதே சிலர் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள் என்று தெரியும். இது இனவெறிதான், பெயரைப் பார்த்துத்தான் விட்டுவிட்டார்கள் என்பார்கள் சிலர். அப்படி ஒரு சிலராவது செய்திருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்னை வென்றவர் இருபது வருடங்களாக அந்தத் தெருக்களில் நடந்தவர். குப்பை எடுக்காத வீட்டுக்கும், முதியோர் பராமரிப்புக் கிடைக்காத வீட்டுக்கும் கட்சி பாராமல் போனவர். எங்கள் ஆதரவாளர்கள் சிலர் மூன்றாவது புள்ளடியை அவருக்கு அளித்ததில் நியாயம் இருந்தது. எவ்வளவு எதனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மற்றவர்கள் நான் இங்குள்ள தேர்தலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்பார்கள். அதுவும் இல்லை. டவர் ஹாம்லெட்ஸ் பரோவின் 2014 மேயர் தேர்தலை, நான்கு வாக்காளர்கள் தொடுத்த வழக்கில், போலி வாக்குகளும் ஆதாயம் அளித்து வாக்குப் பெறுவதும் நடந்ததாகக் கண்டு தேர்தல் நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கியது. உங்களிடம் சான்று இருந்தால் தேர்தல் நாளிலிருந்து 21 நாட்களுக்குள் மனுத் தாக்கல் செய்யலாம். சான்று இல்லாமல், தோற்றவர் நம்மவர் என்பதற்காக மட்டும் எண்ணியவர்களைக் குற்றஞ்சாட்டாதீர்கள். விடியும்வரை அந்த மேசைகளில் இருந்தவர்களின் கைகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மனவருத்தம் வேறிடத்தில் இருக்கிறது. தேர்தலுக்கு மறுவாரம், நான் வழமையாகக் காய்கறி வாங்கும் தமிழ்க் கடையில் நின்ற மூன்று பேர் என்னிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். மூவரும் எங்கள் வட்டாரத்தில் வசிப்பவர்கள். ஒருவரும் வாக்களிக்கவில்லை. "எங்களுக்கு இன்னும் சிற்றிசன் கிடைக்கேல்லைத்தானே அண்ணை" என்றார் ஒருவர். இலங்கை போன்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் முறையான அனுமதியுடன் இங்கே வசித்தால் பிரித்தானியக் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. நானும் அவர்களிடம் சொல்லவில்லை; வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள வீடுகளின் கதவை மட்டுமே கட்சி எங்களைத் தட்டச் சொன்னது, நானும் அப்படியே தட்டினேன். அந்தத் தெருக்களில் பட்டியலில் இல்லாத நம்மவர் வீடுகள் பதினான்கைவிட எவ்வளவோ அதிகம்.

நீங்கள் வாக்களித்தீர்களா என்பதை எழுதவில்லை. இலங்கைக் கடவுச்சீட்டும் இங்கே வசிக்க அனுமதியும் இருந்தால் உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. இணையத்தில் பதிவு செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனால் வாக்களிப்புக்குப் பன்னிரண்டு வேலை நாட்களுக்கு முன் பதிந்திருக்க வேண்டும். 2023 மே மாதம் முதல் இங்கிலாந்தின் வாக்குச்சாவடிகளில் புகைப்பட அடையாளம் கேட்கிறார்கள். அதற்கு உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டையே காட்டலாம். காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து மணிவரை திறந்திருக்கும்.