டி கியரில் நிற்கும்போது மட்டும் நடுக்கமா? மவுண்டைப் பாருங்கள்

ஆட்டோமேட்டிக் காரில் டி-யில் (டிரைவ்) பிரேக் மிதித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது, என்-க்கு (நியூட்ரல்) மாற்றினால் குறைகிறது, பிளக் மாற்றியும் பலனில்லை என்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் ஆக்டிவ் எஞ்சின் மவுண்ட் மேல்தான், அதாவது எஞ்சினைத் தாங்கிப் பிடித்து அதன் அதிர்வை எதிர் அசைவால் அடக்கும் பாகம்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு 2 எரிப்பு. ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று) என்றால் நொடிக்கு 25 துடிப்பு. எஞ்சின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரை வைத்து நேரம் கணித்து, அந்தத் துடிப்புக்கு எதிரான அசைவை மவுண்டுக்குள் இருக்கும் மின்காந்தம் கொடுக்கும். சில வண்டிகளில் இவ்வளவு ஜாலம் கிடையாது. ஒரு வேக்குவம் குழாய்தான் ஐடிலில் மவுண்டை மென்மையாக்கும். அந்தக் குழாய் விரிசல் விட்டாலே இதே நடுக்கம் வரும், அதை முதலில் பாருங்கள்.

மின்காந்த வகை என்றால் ஐடிலில் மவுண்டின் மின் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுக்கம் கொஞ்சமும் மாறவில்லையா? சரி, மவுண்டோ அதன் மின்சுற்றோ ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. கழற்றியதால் கார் கணினியில் பிழைக் கோட் ஒன்று பதிவாகலாம், அப்புறம் ஸ்கேனரில் அழித்துவிடுங்கள்.