சிறிய ஊரில் மூன்று தொடக்கப் பள்ளிகள்: பிள்ளையை எதில் சேர்ப்பது?

நீடாமங்கலம் மாதிரி ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்றிய நடுநிலைப் பள்ளி, அரசு உதவிபெறும் தனியார் பள்ளி மூன்றும் நடக்கிற தூரத்தில் இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கு எதைத் தேர்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுவர் ஓவியத்தையும் ஸ்மார்ட் போர்டையும் விடுங்கள். ஒரு டீச்சர் கையில் எத்தனை வகுப்பு என்று முதலில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 ஆனால் 3, 91 ஆனால் 4. மொத்தம் 24 பேர் படிக்கிற பள்ளியில் "டீச்சருக்குப் பன்னிரண்டே பிள்ளைங்க" என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போனால் ஐந்தும் இன்னொருவர் தலையில். 95 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள் உள்ள பள்ளி இதைத் தாங்கும். காலிப் பணியிடம் உண்டா, யாராவது மாற்றுப்பணியில் வெளியே இருக்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள்.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில் இருந்தால் பதற வேண்டாம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் பாடம். பலன் தெரிய மூன்றாம் வகுப்பு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒரு டிக் மட்டும் இருந்தால் திருத்தவில்லை என்று அர்த்தம். தப்பான எழுத்தைச் சுழித்து, பிள்ளை மறுபடி எழுதியிருக்க வேண்டும். முடிந்தால் ஒரு பிள்ளையிடம் 52-ல் 27 கழிக்கச் சொல்லுங்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தால் பள்ளி நடக்கிறது. கரும்பலகையைப் பார்த்து எழுதிய அழகான நோட்டை நம்பாதீர்கள்.

ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது என்றால் யார் எடுக்கிறார் என்று கேளுங்கள். பல இடங்களில் அதே டீச்சர், அதே அறை, புத்தகம் மட்டும் வேறு.

டெல்டாவில் தனியாகப் பார்க்க வேண்டியது வாய்க்கால். மே மாதம் போனால் காய்ந்து கிடக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், பள்ளி தொடங்கிய சில நாட்களிலேயே தண்ணீர் வந்துவிடும். சுற்றுச்சுவரும் பூட்டுகிற கேட்டும் இல்லாத பள்ளியை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் மைதானம் பள்ளமாகியிருக்கும். ஐப்பசி மழையில் கழிப்பறைக்குப் போக வழி இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் உண்மை வரும். சமையல் கூடம் வகுப்பறையை ஒட்டி இருக்கக்கூடாது. 2004-ல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பலிகொண்ட தீ சமையல் கூடத்தில் பற்றிக் கூரைக்குத் தாவியதுதான்.

மூன்றும் சமமாகத் தெரிந்தால் நடுநிலைப் பள்ளிதான் என் தேர்வு. எட்டு வரை அலைச்சல் இல்லை. உதவிபெறும் பள்ளியில் ஐந்து வரை படிப்பதில் நஷ்டமில்லை. ஆனால் 7.5 சதவீத மருத்துவ இடஒதுக்கீட்டுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்புக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், போட்டோ கொண்டுபோங்கள். வயதுச் சான்று இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.