பெயர் அதிகம் அடிபடாவிட்டாலும், தினசரி வேலைக்கு நம்பி எடுக்கக்கூடிய செயின்சாக்கள் எவை?

ஒரே வரியில் கேட்டால் எக்கோ சிஎஸ்-490, சிஎஸ்-590 இரண்டையும் சொல்வேன். செயின்சா பேச்சு எழுந்தாலே ஸ்டிலா ஹஸ்க்வர்னாவா என்ற வழக்கிலேயே நேரம் போய்விடுகிறது. மற்ற நல்ல மிஷின்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

சிஎஸ்-590 59.8 சிசி. பாரும் (செயின் ஓடும் நீண்ட தகடு) செயினும் இல்லாமல் சுமார் 6 கிலோ. அதே சிசியில் இதைவிட எடை குறைந்தவை, வேகமானவை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதன் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மக்னீசிய வார்ப்பு. கார்புரேட்டர் சாதாரண திருகு வகை, கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பார் ஸ்பேனரும் இருந்தால் அன்றாடப் பராமரிப்பில் முக்கால்வாசி முடிந்துவிடும். கையில் இலகுவாக வேண்டுமென்றால் 50.2 சிசி சிஎஸ்-490, 4.8 கிலோ. ஷிண்டைவா பெயரில் வரும் 591-ஐப் பார்த்தால் அது வேறு மிஷின் என்று நினைக்க வேண்டாம். எக்கோவைச் செய்த கியோரிட்சுவும் ஷிண்டைவாவும் 2008-இல் யமபிக்கோ என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டன. உள்ளே இருப்பது அதே 59.8 சிசி எஞ்சின்தான்.

இவற்றில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகப் புது மிஷின்கள் பெரும்பாலும் பெட்ரோல் குறைவாகப் போகும்படி அமைக்கப்பட்டு, கார்புரேட்டர் திருகுகளில் தடுப்பு மூடி போட்டுத்தான் வரும். "புது மிஷின் இழுக்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஐந்தாறு டேங்க் ஓட்டியபின் விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ஒருமுறை செட் செய்துகொண்டால் மிஷினின் குணமே மாறிவிடும்.

அடுத்து மகிட்டாவின் பெட்ரோல் மிஷின்கள். மகிட்டா என்றதும் டிரில்லிங் மிஷின்தான் நினைவுக்கு வரும். ஆனால் இவற்றின் வேர் ஜெர்மனியின் டோல்மாரில் இருக்கிறது. பெட்ரோல் செயின்சாவை 1927-லேயே கொண்டுவந்த நிறுவனம் அது. முதல் மிஷின் 58 கிலோ, தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். 1991-இல் டோல்மாரை மகிட்டா வாங்கியது. அந்த வழியில் வந்த இஏ4300 (42.4 சிசி, 2.2 கிலோவாட்) விறகுக்கும் கிளை கழிப்பதற்கும் கச்சிதமான அளவு. 2022 மார்ச்சுடன் மகிட்டா பெட்ரோல் எஞ்சின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இனி இதைப் பழையதாகவோ மிச்சச் சரக்காகவோதான் வாங்க முடியும். டயாப்ரம் (கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு) கிட், ஆயில் சீல், பெட்ரோல் ட்யூப், ஆயில் பம்ப் நான்கும் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். பிஸ்டனைத் தேடி அலைவது எப்போதோ ஒருமுறை. இந்த நான்கும் அடிக்கடி வேண்டியவை.

பெரிய மரம் தினமும் அறுப்பவர்களுக்கு ஹஸ்க்வர்னா 365 எக்ஸ்-டார்க். ஹஸ்க்வர்னா என்றால் எல்லோரும் 372-ஐத்தான் தேடுவார்கள். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 36 மி.மீ., 70.7 சிசி. 372-இல் பவர் 4.1 கிலோவாட், 365-இல் 3.6. நாள் முழுக்க 20 அங்குல பாரை இழுக்க அந்த 3.6 தாராளம்.

ஸ்டிலிலேயே மதிப்புக் குறைத்துப் பேசப்படும் ஒன்று எம்எஸ் 250. 45.4 சிசி, 2.3 கிலோவாட், 4.6 கிலோ. உடல் பிளாஸ்டிக் என்பதால் தொழில்முறை ஆட்கள் ஒதுக்குவார்கள். வாரத்தில் மூன்று நாள் விறகு அறுக்கும் வேலைக்கு இந்த எடையில் இவ்வளவு பவர் கொடுக்கும் மிஷின்கள் அதிகம் இல்லை. இதன் குறை பழுது பார்க்கும்போது தெரியும். கிராங்க் சீல் (எஞ்சினின் சுழல்தண்டு ஓரத்தில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம்) மாற்ற எஞ்சினையே வெளியே எடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும், மறுபடி சேர்க்கும்போது கேஸ்கெட்டுக்குப் பதில் சீலண்ட் பூச வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர் பிரித்தால் காற்று கசியும்.

"52 சிசி", "58 சிசி" என்று ஒட்டி வரும் பெயரற்ற மிஷின்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இவை பெரும்பாலும் ஜெனோவா ஜி5200 வடிவமைப்பின் பிரதிகள். ஸ்டிக்கரை நம்பாமல் கணக்குப் போடுங்கள். சிலிண்டர் விட்டத்தை சென்டிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, 0.785-ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் உண்மையான சிசி வரும். 4.52 விட்டம், 3.4 ஸ்ட்ரோக் என்றால் 54.5 சிசிதான், ஸ்டிக்கரில் 58 என்றே போட்டிருந்தாலும். வடிவமைப்பு நல்லது, முடுக்குவதில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல் இரண்டு டேங்க் ஓடியதும் சிலிண்டர், சைலன்சர், கார்புரேட்டர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டும். கூடவே பெட்ரோல் ட்யூபையும் பிளக்கையும் தரமானதாக மாற்றிவிட்டால் இதுவும் வருடக்கணக்கில் உழைக்கும்.

மின்சாரம் எட்டும் தூரத்தில்தான் வேலை என்றால் பெட்ரோலே வேண்டாம். மகிட்டா யூசி4041ஏ போன்ற 1800 வாட், 40 செ.மீ. பார் கொண்ட ஒயர் மிஷினை யாரும் சீந்துவதில்லை, ஆனால் அதில் கெட்டுப்போவதற்கே பொருள் குறைவு. கெடுப்பது எக்ஸ்டென்ஷன் ஒயர்தான். 50 மீட்டருக்கு 0.75 சதுர மி.மீ. ஒயர் போட்டால் முழு பாரத்தில் சுமார் 18 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், மோட்டார் சூடேறும். 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 5, 6 வோல்ட்டோடு நிற்கும்.

மாடல் பேச்சு இவ்வளவுதான். எந்த மிஷினும் கைவிடுவதற்குக் காரணம் எஞ்சினாக இருப்பது அபூர்வம்.

முதலில் செயினைப் பாருங்கள். கூரான செயின் செதில் செதிலாகத் தள்ளும், மிஷின் தன் எடையிலேயே மரத்தில் இறங்கும். மாவு மாதிரித் தூள் வருகிறதா, கையால் அமுக்க வேண்டியிருக்கிறதா, அப்போதே நிறுத்திவிடுங்கள். மொட்டைச் செயினை அமுக்கி ஓட்டினால் பார் நீலம் பாரிக்கும், கிளட்ச் வழுக்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் பக்கத்து ஆயில் பம்பும் போகும். உருட்டு அரத்தின் அளவு செயினைப் பொறுத்தது (3/8, .325 என்பவை செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்): 3/8 லோ புரொபைலுக்கு 4.0 மி.மீ., .325-க்கு 4.8, பெரிய 3/8-க்கு 5.5. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் பல் கொக்கி போலாகிச் சீக்கிரம் மழுங்கும். பொதுவான 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும், பல்லுக்கு மூன்று நான்கு இழுப்பு. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. ஒரு பக்கம் கூடுதலாக ராவினால் வெட்டு நேராகப் போகாமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். மூன்று நான்கு முறை தீட்டியபின் பல்லுக்கு முன்னால் நிற்கும் மேட்டைத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல் நுனிக்கு 0.65 மி.மீ. கீழே இருந்தால் போதும். இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் "எவ்வளவு தீட்டினாலும் அறுக்கவில்லை" என்கிறார்கள். வேகமாக அறுக்கும் என்று அளவு மீறி இறக்கினால் மிஷின் மூக்கால் எகிறி ஆளை அடிக்கும்.

ஆயில் வருகிறதா என்று பார்க்கப் பார் நுனியை வெள்ளை அட்டைக்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்சிலேட்டர் கொடுங்கள். சில நொடியில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பம்பைக் குறை சொல்லும் முன் பாரைக் கழற்றுங்கள். அடிப்பக்கம் இருக்கும் சிறு ஆயில் துளை மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்த பிசினால் அடைத்திருக்கும். கம்பியால் குத்தி, பார் பள்ளத்தை நீளவாக்கில் சுரண்டி, பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். அதன்பின்னும் வரவில்லை என்றால்தான் பம்ப், அல்லது அதைச் சுழற்றும் வார்ம் கியர். சில மாடல்களில் அது பிளாஸ்டிக், பல் தேய்ந்துவிடும்.

செயின் இறுக்கமும் முக்கியம். குளிர்ந்த நிலையில் பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி இருக்க வேண்டும், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓட வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். சூட்டில் இறுக்கிய செயின் ஆறும்போது சுருங்கிக் கிராங்கையே இழுக்கும்.

பெட்ரோல் கலவை 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், ஐந்து லிட்டருக்கு 100 மில்லி. கண் மதிப்பில் ஊற்றக்கூடாது. கலந்ததை ஒரு மாதத்துக்குமேல் வைக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டர் டயாப்ரம் விறைத்துப் போகும். விறைத்த டயாப்ரமின் அடையாளம் சுலபம்: ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணையும். பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடி, மெல்லச் சோர்ந்து, நின்றுவிடுகிறதா? பெட்ரோல் மூடியை மெதுவாகத் திறங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, மூடியபின் உடனே ஸ்டார்ட் ஆனால் டேங்க்கின் காற்றுக்குழாய் அடைப்பு. சின்னப் பொருள்தான், மாற்றினால் தீர்ந்தது. இதற்காக முழுக் கார்புரேட்டரையே மாற்றிவிடுபவர்கள் இருப்பது வருத்தம். வேகமே ஏறாமல் மந்தமாக ஓடினால் சைலன்சருக்குள் இருக்கும் பொறி வலையைப் பாருங்கள். கரி அப்பியிருந்தால் கழற்றி வயர் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள், தூக்கி எறியாதீர்கள். தீப்பொறி காய்ந்த சருகில் விழாமல் காப்பது அதுதான்.

கார்புரேட்டர் செட்டிங்கை ஃபில்டரைச் சுத்தம் செய்து, எஞ்சின் சூடானபின்தான் தொட வேண்டும். எல் (குறைந்த வேகத்துக்கான) திருகில் சீரான ஸ்லோ, பிறகு ஸ்லோ திருகைக் குறைத்து செயின் அசையாமல் நிற்க வைப்பது, கடைசியில் எச் (முழு வேகத்துக்கான) திருகு. மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஒலி லேசாகத் தடுமாறி உருள வேண்டும், மரத்தில் இறங்கியதும் தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கிறீச்சென்று தெளிந்த ஒலி வந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டனில் கோடு விழப்போகிறது. நேற்றுவரை சரியாக இருந்த ஸ்லோ இன்று தானாக ஏறினால் திருகைத் தொடாதீர்கள். எங்கோ காற்று கசிகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு, இல்லையேல் கிராங்க் சீல்.

பழைய மிஷின் வாங்குகிறீர்கள் என்றால், எந்தப் பெயராக இருந்தாலும், சைலன்சரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். டார்ச் அடித்துக்கொண்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெல்ல இழுத்தால் புகை துவாரம் வழியே பிஸ்டனின் பக்கவாட்டு தெரியும். மெஷினிங் செய்த மெல்லிய குறுக்கு வரிகள் அப்படியே இருந்தால் தாராளமாக வாங்கலாம். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம், கழற்றிக் காட்ட மறுத்தாலும் வேண்டாம்.