கிணற்றில் பெட்ரோல் வாடை: இறைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி: எங்கள் கிணற்றிலிருந்து அறுபது மீட்டர் தள்ளி ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருக்கிறது. மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறியதும் தண்ணீரில் பெட்ரோல் வாடை அடிக்கிறது, மேலே வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. கோடையில் இது இல்லை. கிணற்றை முழுக்க இறைத்துவிட்டால் சரியாகிவிடுமா? மாடுகளுக்குத் தண்ணீர் காட்டலாமா?

பதில்: தயவுசெய்து இறைக்க வேண்டாம். கிணற்றில் நீர்மட்டம் இறங்கினால் சுற்றியுள்ள நிலத்தடி நீர் உங்கள் பக்கம் திரும்பும். பங்க்கின் அடியில் கசிவு இருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்வீர்கள். யாரும் கிணற்றுக்குள் இறங்கவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். பக்கத்தில் நெருப்போ, ஓடும் இன்ஜினோ இருக்கக் கூடாது.

மாடுகளுக்கும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும், பாலிலும் வாடை ஏறும். குடிக்க, சமைக்க, பாய்ச்ச வேறு தண்ணீர் பாருங்கள். காய்ச்சினால் ஆவி வீட்டுக்குள் பரவும், அதுவும் ஆபத்துதான்.

முதலில் படலம் எண்ணெய்தானா என்று பாருங்கள். ஒரு வாளி நீரை அப்படியே மொண்டு வைத்து, குச்சியால் படலத்தைக் கீறுங்கள். இரும்புச் சத்தில் வாழும் பாக்டீரியா உண்டாக்கிய ஏடு என்றால் கண்ணாடிச் சில்லுபோல உடைந்து, உடைந்தபடியே நிற்கும். எண்ணெய் என்றால் கீறல் உடனே மூடிக்கொள்ளும். உங்கள் மோட்டாரிலிருந்தோ டீசல் இன்ஜினிலிருந்தோ எண்ணெய் சொட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கோடையில் வாடை இல்லாததால் மண் சுத்தமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். டேங்க்கிலோ, குழாய் இணைப்பிலோ கசியும் பெட்ரோல் மண் வழியாக இறங்கி நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வழியெல்லாம் மண்துகள்களில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழையில் ஏறும் நீர் அந்த மண்ணைத் தொட்டு, ஒட்டியதைக் கரைத்துக்கொண்டு வரும். நீங்கள் சொல்வது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

மூக்கை நம்ப வேண்டாம் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. பெட்ரோலில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நீரில் பென்சீன் வாடை தெரிய லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு வேண்டும், அதாவது ஆயிரம் மடங்கு. இப்போது உங்களுக்கு வாடை காட்டுவது டொலுயீன், சைலீன் போன்ற மற்றவையாகவும் இருக்கலாம். அவை குறைந்த பிறகும் பென்சீன் இருக்க வாய்ப்புண்டு. ஆய்வகம்தான் முடிவு சொல்ல முடியும்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். மூடியின் உட்புறம் டெஃப்லான் உறை உள்ள 40 மில்லி கண்ணாடிக் குப்பிகளை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். குழாயிலிருந்து சலசலவென்று விழும் நீரைப் பிடித்தால் பென்சீன் பாதிவழியிலேயே காற்றோடு போய்விடும். கிணற்று விளிம்பில் நின்று, மாதிரி எடுக்கும் குழாயைக் கயிற்றில் கட்டி, மெதுவாக இறக்கி எடுத்து, குப்பியில் விளிம்புக்கு மேல் முட்டி நிற்கும்வரை ஊற்றி மூடுங்கள். தலைகீழாகத் திருப்பித் தட்டும்போது ஒரு சிறு குமிழி தெரிந்தாலும் மீண்டும் நிரப்ப வேண்டும். ஆய்வகம் குப்பியில் அமிலம் போட்டுத் தந்திருந்தால் நிரம்பி வழியவிடாதீர்கள், தோலிலும் படக் கூடாது. ஐஸில் வைத்துச் சீக்கிரம் அனுப்புங்கள். மிதக்கும் படலத்தை வேறு குப்பியில் எடுத்துக் கொடுத்தால், அது பெட்ரோலா, டீசலா, இன்ஜின் ஆயிலா என்றும் சொல்வார்கள்.

கசிவு எங்கிருந்து என்று நிறுவ, பங்க்குக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது மூன்று ஆய்வுத் துளைகள் வேண்டும், ஒரே கோட்டில் அல்லாமல் முக்கோணமாக. ஒரே நாளில் மூன்றின் நீர்மட்டத்தையும் ஒரே பொது மட்டத்தை அடிப்படையாக வைத்து அளந்தால் நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். துளைக் குழாயின் சல்லடைப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீள வேண்டும். முழுதும் நீருக்கடியில் இருந்தால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது, ‘ஒன்றுமில்லை’ என்ற அறிக்கைதான் கிடைக்கும். வெளியே எடுத்த மண்ணை வெயிலில் விடாமல் உடனே குப்பியில் அடைக்க வேண்டும். உங்கள் நிலம் பாறை நிலமாக இருந்தால் நீர் வெடிப்புகள் வழியாக எதிர்பாராத திசையில் போகும், மூன்று துளை போதாது.

துளை போடும் முன் பங்க்காரரிடம் இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். டேங்க்கில் அளவுகோல் விட்டு எடுக்கும் தினசரி அளவும் விற்பனைக் கணக்கும் தொடர்ந்து ஒத்துப்போகாமல் இருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். டேங்க்குக்கும் குழாய்களுக்கும் கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள்; கசிவு நிற்காமல் கிணற்றைச் சுத்தம் செய்வதில் பயனில்லை. ஆய்வு முடிவும், மண்ணின் வகையும், கிணற்றின் மழைக்கால, கோடைக்கால நீர்மட்டமும் கிடைத்ததும் எழுதுங்கள். பயிருக்கு எப்போது பாய்ச்சலாம் என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.