அழுகும் இலையில் வாழும் நீர்ப்புழுக்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மட்கிய அல்லி இலையைக் கண்ணாடித் தட்டில் விரித்தபோது, ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஒன்றின் நடுவுடலில் இரண்டு கண்புள்ளிகள் தெரிந்தன. இரு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா?

பதில்: ஒட்டிக்கொள்ளவில்லை, பிரியப் போகின்றன. நைஸ் வகைப் புழு, உடலின் நடுவே ஒரு வளர்ச்சி வளையத்தை உண்டாக்கி, அதன் முன்பக்கத்தில் தனக்குப் புதிய வாலையும் பின்பக்கத்தில் அடுத்த புழுவுக்குப் புதிய தலையையும் வளர்க்கிறது. நீங்கள் கண்டவை அந்தத் தலையின் கண்கள். பிரியும் வரை இரண்டுக்கும் குடல் ஒன்றே என்பதால், முன்புழு விழுங்கிய பழுப்புத் துகள்கள் பின்புழுவுக்குள் நகர்ந்து செல்வதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நீளத்தைக் குறிப்பிட்டு எழுதியதற்கு நன்றி. இம்முறை அப்படி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

கேள்வி: இலைக்கடியில் சிவப்புப் புழு இருக்கிறது. அது என்ன?

பதில்: எவ்வளவு நீளம்? தலை தனியே தெரிகிறதா? நிறத்தை மட்டும் எழுதி அனுப்பினால் நான் குறி சொல்பவனாகத்தான் மாற வேண்டும். பழுப்புநிறக் கடினத் தலையும் அதன் கீழே குட்டைக் கால்களும் இருந்தால், அது கடிக்காத கொசுவினத்தின் இளரி (லார்வா), புழுவே அன்று. சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் சிவப்புப் புழுக்களிலும் இந்த இளரியிலும் உண்டு.

கேள்வி: புழுக்கள் என் அல்லி இலைகளைத் தின்று அழுக வைக்கின்றன. செம்பு கலந்த மருந்து ஊற்றியும் மீண்டும் வந்துவிட்டன. வேறு எந்த மருந்து ஊற்றலாம்?

பதில்: எதையும் ஊற்றாதீர்கள். இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. ஒவ்வொரு முறையும் மருந்தை ஊற்றிய பிறகே வருகிறது. முதிர்ந்த இலை நீரில் மூழ்கியதும் அதிலுள்ள கரையும் பொருள்கள் ஓரிரு நாள்களில் கசிந்து வெளியேறுகின்றன. பிறகு பாக்டீரியாவும் பூஞ்சையும் குடியேறித் திசுவை இளக்குகின்றன. அதன் பின்னரே புழுக்கள் வருகின்றன. அவை மேய்வது, இலைமீது படிந்த பாக்டீரியா, பாசி, மட்குத் துகள்கள் ஆகியவற்றைத்தான். நைஸின் குடலை நுண்ணோக்கியில் பார்த்தால் டயாட்டம் என்னும் நுண்பாசியின் ஓடுகளும் பச்சைப் பாசிச் செல்களும் தெரியும். நம்பிக்கை வரவில்லையெனில், ஒரு தட்டில் பச்சை இலைத்துண்டு ஒன்றையும் அழுகிய துண்டு ஒன்றையும் இட்டு, அதே குளத்து நீரை ஊற்றி, பத்துப் புழுக்களை விட்டு ஒரு வாரம் பாருங்கள். நான் பலமுறை பார்த்துவிட்டேன். பச்சைத் துண்டு அப்படியே கிடக்கிறது.

உயிருள்ள இலையில் ஓட்டையோ வளைந்த சுரங்கக்கோடோ இருந்தால், நீர்வாழ் அந்துப்பூச்சியின் புழு, இலைவண்டு, இலைக்குள் துளையிடும் கொசுவின இளரி ஆகியவற்றின்மீது ஐயப்படுங்கள். செம்போ நத்தைகளையும் பிற சிற்றுயிர்களையும் சேர்த்தே கொல்கிறது. செத்தவை அழுகி ஆக்சிஜனைக் குறைக்கின்றன. அழுகும் இலைகள் கிடக்கும் வரை, தப்பிய சில புழுக்கள் பிளந்து பிளந்து மீண்டும் பெருகும். புழு அதிகமென்று தோன்றினால் மூழ்கிய இலைகளில் பாதியைக் கையால் எடுத்துவிடுங்கள், அது போதும்.

கேள்வி: சேற்றுக் குழலிலிருந்து பூப்போன்ற ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வாயா?

பதில்: வால். டீரோ புழுவின் பின்முனைக் கிண்ணத்தில் உள்ள செவுள்கள் அவை. அவற்றோடு விரல்போன்ற இரண்டு நீட்சிகளும் பின்னால் நீண்டிருந்தால் அது ஆலோஃபோரஸ் என்னும் புழு.

கேள்வி: புட்டி நிறைய நீரும் இலையும் எடுத்து இறுக மூடி வந்தேன். மறுநாள் எல்லாம் செத்துவிட்டன.

பதில்: அழுகும் இலை ஆக்சிஜனை விரைவாகத் தின்றுவிடும். பாதிப் புட்டி நீர், ஓரிரு இலைகள், தளர்ந்த மூடி, நிழல். மீண்டும் சொல்கிறேன்: அதே குளத்து நீர், குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது.

கேள்வி: வெட்டினால் இரண்டாகுமா?

பதில்: லம்பிரிகுலஸ் என்னும் நன்னீர்ப் புழுவை வெட்டினால் இரண்டாகும். சுவிஸ் இயற்கையியலாளர் சார்ல் பொன்னே 1741இலேயே நன்னீர்ப் புழுக்களை வெட்டிப் பார்த்துவிட்டார். எல்லாப் புழுக்களுக்கும் இது பொருந்தாது. கத்தியை எடுப்பதற்கு முன் இனத்தை உறுதி செய்யுங்கள்.

கேள்வி: அடையாளம் காண உங்களுக்கு அனுப்புவதற்காகச் சாராயத்தில் போட்டேன்; சுருண்டு உடைந்துவிட்டது.

பதில்: நேரே போட்டால் உடையத்தான் செய்யும். முதலில் சோடாநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து மயக்கி, அசைவு நின்றதும் 70 விழுக்காட்டுச் சாராயத்துக்கு மாற்றுங்கள். புழுவின் உடலிலுள்ள மயிர்போன்ற முட்களின் நுனி பிளவுபட்டதா ஊசிபோன்றதா என்று பார்க்காமல் இனத்தைச் சொல்ல இயலாது; உடைந்த புழுவில் எந்த முள் எந்த உடற்கண்டத்துக்குரியது என்றே தெரியாது. நீளத்தை உயிருடன் இருக்கும்போதே அளந்து சீட்டில் எழுதி அனுப்புங்கள்.