பேக்போனில் வியூவுக்குள் வியூ: கேள்வி பதில்

பேக்போன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதப்பட்ட செயலிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் என்ற முறையில், வியூவுக்குள் வியூ வைப்பதில் எழும் ஐயங்களுக்கு இங்கே பதிலளிக்கிறேன்; கேட்பவர்கள் தங்கள் புனைபெயர்களில் வருகிறார்கள். வியூ என்பது திரையின் ஒரு பகுதியை வரைந்து, அங்கே நடக்கும் அழுத்தல் முதலிய நிகழ்வுகளைக் கவனிக்கும் பொருள். உள்ளே இருப்பதைச் சேய் வியூ என்றும், அதை வைத்திருப்பதைத் தாய் வியூ என்றும் குறிப்பிடுகிறேன். 2010-இல் வெளிவந்த நாள் முதல் பேக்போனில் சேய் வியூ என்ற கருத்தே கிடையாது. ஒரு வியூவுக்குத் தன் எலிமென்ட்டும் (பக்கத்தில் அது வாழும் எச்டிஎம்எல் உறுப்பும்) அதன் நிகழ்வுகளும் மட்டுமே தெரியும். தனக்குள் இன்னொரு வியூ குடியிருப்பதை அது அறியாது. இங்கே பேசப்போகும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குறையிலிருந்து முளைப்பவை.

அரைப்புள்ளி: தாய் வியூ உருவாகும்போது ஓடும் இனிஷியலைஸில் சேய் வியூக்களை ஒரு முறை உருவாக்கி, வியூவை வரையும் ரெண்டரில் அவற்றைச் சேர்க்கிறேன். முதல் முறை எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டாம் முறை ரெண்டர் ஓடியதும் சேய் வியூக்கள் திரையில் தெரிகின்றன, ஆனால் அவற்றின் பொத்தான்கள் எதற்கும் அசைவதில்லை. ஏன்?

பதில்: குற்றவாளி உங்கள் ரெண்டரின் முதல் வரி. எலிமென்ட்டுகளைக் கையாளப் பேக்போன் பயன்படுத்தும் ஜேகுவரி நூலகத்தின் எச்டிஎம்எல் செயல்கூறைக் கொண்டு தாயின் உள்ளடக்கத்தை மாற்றும்போது, ஜேகுவரி பழைய எலிமென்ட்டுகளை வெளியே எடுப்பதோடு நிற்பதில்லை. நினைவகம் கசியாமலிருக்க அவற்றில் கட்டப்பட்டிருந்த ஹேண்ட்லர்களையும் (நிகழ்வு நடந்ததும் ஓடும் செயல்கூறுகளையும்) தரவுகளையும் சேர்த்தே துடைத்துவிடுகிறது. சேய் வியூ என்ற பொருள் உங்கள் கையில் உயிரோடு இருக்கிறது, அதன் எலிமென்ட்டும் இருக்கிறது, ஆனால் இரண்டையும் இணைத்திருந்த கம்பி அறுந்துவிட்டது. அதே எலிமென்ட்டை மீண்டும் சேர்த்தால் பொத்தான் தெரியும். அழுத்தினால் கேட்க ஆளிருக்காது.

இதற்குச் சரியான வழிகள் இரண்டு உண்டு. தாயின் உள்ளடக்கத்தை மாற்றுவதற்கு முன் ஒவ்வொரு சேய் எலிமென்ட்டையும் டிடாச் கொண்டு கழற்றி வைத்துக்கொள்ளலாம். ஜேகுவரியின் ரிமூவ் செய்யும் துடைப்பை டிடாச் செய்யாது. இல்லையெனில், டெம்ப்ளேட்டில் (எச்டிஎம்எல் அச்சில்) ஒவ்வொரு சேய்க்கும் ஒரு வெற்று இடத்தை விட்டுவைத்து, ரெண்டருக்குப் பின் சேயின் செட்எலிமென்ட்டை அந்த இடத்தோடு அழைத்து, சேயையும் ரெண்டர் செய்யலாம்; செட்எலிமென்ட் பழைய எலிமென்ட்டிலிருந்து நிகழ்வுகளை அவிழ்த்துப் புதியதில் கட்டும். மீண்டும் சேர்த்த பிறகு, நிகழ்வுகளை மறுபடி கட்டும் டெலிகேட்ஈவென்ட்ஸை மட்டும் அழைப்பது மூன்றாவது வழியாகப் பலராலும் சொல்லப்படுகிறது. அது வேலை செய்யும். ஆனால் சேயின் உள்ளே தேதி தேர்வி போன்ற ஜேகுவரி பிளகின் ஏதேனும் இருந்தால் அதன் தரவும் துடைக்கப்பட்டிருக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

சுழியம்: ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தால், சேமி பொத்தானை ஒரு முறை அழுத்தும்போது கோரிக்கை இரண்டு முறை போகிறது. மறுபடியும் போய் வந்தால் மூன்று முறை.

பதில்: பழைய வியூக்கள் சாகவில்லை. நீங்கள் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஏற்கெனவே உள்ள ஒரே கொள்கலனைப் புதிய வியூவுக்கு எலிமென்ட்டாகக் கொடுக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். பேக்போன் ஒவ்வொரு வியூவின் நிகழ்வுகளையும் அந்த வியூவின் சிஐடி என்ற தனி அடையாளத்தோடு கட்டுகிறது; ஆகவே புதிய வியூ வந்து அமர்வதால் பழைய வியூவின் கட்டு அவிழ்வதில்லை. மூன்று வியூக்கள் ஒரே எலிமென்ட்டில் காத்திருக்கின்றன, மூன்றும் சேமிக்கின்றன. சரி, பழைய வியூவின் ரிமூவை அழைக்கலாமே என்றால், அது கொள்கலனையே பக்கத்திலிருந்து பிடுங்கிவிடும். வியூவே தன் எலிமென்ட்டை உருவாக்கட்டும். நீங்கள் அதைக் கொள்கலனுக்குள் வையுங்கள். அப்போது ரிமூவ் தன் வேலையை மட்டும் பார்க்கும்.

அடுத்தது, தரவைத் தாங்கும் மாடல். மாடலின் ஆன் மூலம் நிகழ்வைக் கேட்டால், மாடல் தன் பட்டியலில் உங்கள் வியூவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாடல் வாழும்வரை வியூவும் நினைவகத்தில் வாழ்ந்து, திரையில் இல்லாத எலிமென்ட்டை ஓயாமல் ரெண்டர் செய்துகொண்டிருக்கும். 2012 டிசம்பரில் வந்த 0.9.9 பதிப்பு, தான் கேட்பவற்றை வியூவே குறித்து வைக்கும் லிசன்டூவையும், அவற்றை ஒரேயடியாக நிறுத்தும் ஸ்டாப்லிசனிங்கையும் தந்தது இதற்காகவே. ரிமூவ் தானாகவே ஸ்டாப்லிசனிங்கை அழைக்கும். ஆனால் சேய்களுக்காக அது எதையும் செய்யாது. எனவே தாய் வியூ தான் உருவாக்கிய சேய்களை ஒரு பட்டியலில் வைத்திருந்து, தன் ரிமூவை மேலெழுதி, முதலில் ஒவ்வொரு சேயின் ரிமூவையும் அழைத்து, அதன் பின்னரே மூல ரிமூவை அழைக்க வேண்டும். உருவாக்கியவரே அழிக்க வேண்டும் என்ற இந்த எச்சரிக்கையை இன்று பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்தருள்க. விண்டோவின் ரீசைஸ் நிகழ்வு, செட்இன்டர்வல் ஆகியவற்றையும் நீங்களே அதே இடத்தில் அவிழ்க்க வேண்டும். அவற்றை ஸ்டாப்லிசனிங் தொடாது.

வளைவடைப்பு: ரியாக்ட் என்ற வேறு நூலகத்துக்கு மாறிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இருக்காதே?

பதில்: இன்றைய பொருள் அதுவன்று. இருக்கும் செயலியை இன்று ஓட வைக்க வேண்டியவர்களுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தற்சுட்டு: கோப்புறை மரம் ஒன்றை, தன்னையே சேயாகக் கொள்ளும் வியூவாக எழுதினேன். அடிமட்டத்தில் உள்ள ஒரு கிளையை மூடினால் அதன் மூதாதைக் கிளைகள் அனைத்தும் மூடிக்கொள்கின்றன.

பதில்: நல்ல கேள்வி. ஈவென்ட்ஸ் பட்டியலில் எழுதும் நிகழ்வுகள் அந்தந்தப் பொத்தானில் கட்டப்படுவதில்லை. வியூவின் மேல் எலிமென்ட்டில் கட்டப்பட்டு, கீழிருந்து குமிழியாக மேலேறி வரும் நிகழ்வைப் பிடிக்கின்றன. உங்கள் மரத்தில் எல்லா நிலைகளிலும் ஒரே வகுப்புப் பெயர் இருப்பதால், பேரனின் பொத்தான் பாட்டனின் தேர்வுக்குறிக்கும் (செலக்டருக்கும்) பொருந்திவிடுகிறது. மேலேறுவதைத் தடுக்கும் ஸ்டாப்புரொப்பகேஷனை நிகழ்வில் அழைத்தால் நின்றுவிடும் என்றாலும், வெளியே அழுத்தினால் மூடவேண்டிய மெனு போல ஆவணத்தின் உச்சியில் காத்திருக்கும் மற்ற ஹேண்ட்லர்களையும் அது பட்டினி போடும். நிகழ்வின் இலக்கிலிருந்து மேல்நோக்கி மிக அருகிலுள்ள கிளை எலிமென்ட்டை குளோசஸ்ட் கொண்டு கண்டுபிடித்து, அது இந்த வியூவின் எலிமென்ட்தானா என்று ஹேண்ட்லரின் முதல் வரியில் சோதிப்பதே நான் கையாளும் முறை.

இதன் மறுபக்கம் ஒன்றும் உண்டு: ஸ்க்ரோல் நிகழ்வும், படத்தின் லோட் நிகழ்வும் எலிமென்ட்டுகளிலிருந்து மேலேறுவதில்லை. அவற்றைத் தேர்வுக்குறியோடு ஈவென்ட்ஸ் பட்டியலில் எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

நள்ளிரவு: தாயை மீண்டும் ரெண்டர் செய்தால் சேயின் கீழிறங்கு பட்டியல் திறப்பதில்லை.

பதில்: அரைப்புள்ளிக்குச் சொன்ன பதில்தான்.

முடிவிலி: நீங்கள் சிக்கலைப் பெரிதாக்குகிறீர்கள் என்று கருதுகிறேன். ஒவ்வொரு ரெண்டரிலும் எல்லாச் சேய்களையும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால் டிடாச்சும் வேண்டாம், செட்எலிமென்ட்டும் வேண்டாம். நிலை முழுவதும் மாடலில் இருக்கிறது. வியூ எந்நேரமும் எறியத்தக்கதாக இருக்க வேண்டும்.

பதில்: கொள்கையளவில் உடன்படுகிறேன்; ஆனால் மாடலில் இல்லாத நிலை நிறைய உண்டு. எழுத்துப் பெட்டியில் கர்சர் நிற்கும் இடம், தேர்ந்தெடுத்த பகுதி, பட்டியல் உருட்டப்பட்டிருக்கும் தூரம் ஆகியவற்றை யாரும் மாடலில் எழுதுவதில்லை. தமிழில் தட்டச்சுபவருக்கு இது இன்னும் கொடியது: பல உள்ளீட்டு முறைகளில் எழுத்து உருவாகி முடியும்வரை அது கோர்வை நிலையில் இருக்கும், அந்த நொடியில் பெட்டியை அழித்துப் புதிதாக வைத்தால், மெய்யை அடித்து உயிரை அடிப்பதற்குள் பெட்டி காணாமற்போயிருக்கும்.

முடிவிலி: டிடாச் செய்தால் மட்டும் அது நிலைக்குமா? ஆவணத்திலிருந்து கழன்ற எலிமென்ட் குவியத்தை (ஃபோகஸை) இழக்கும், உருட்டிய தூரம் மேலே திரும்பிவிடும், ஐஃப்ரேம் மறுபடி ஏற்றப்படும், ஓடிக்கொண்டிருந்த காணொளி நின்றுவிடும். உங்கள் முதல் பதில் இவற்றில் எதைக் காப்பாற்றுகிறது?

பதில்: இவற்றில் எதையும் காப்பாற்றுவதில்லை. ஹேண்ட்லர்கள், பிளகின் தரவு, பெட்டியில் தட்டச்சிட்டு இன்னும் சேமிக்காத மதிப்பு ஆகிய மூன்றை மட்டுமே அது காப்பாற்றும். நீங்கள் சொல்வது சரி. முதல் பதிலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் கேள்வியையே திருப்ப வேண்டியிருக்கிறது: சேய்களைக் கொண்ட தாய் எதற்காக மீண்டும் முழுமையாக ரெண்டர் ஆகிறது? பெரும்பாலும் தலைப்பில் ஒரு பெயரோ எண்ணிக்கையோ மாறியிருக்கும். அதற்காக முழுக் குடும்பத்தையும் வீட்டைவிட்டு இறக்கி ஏற்றுகிறோம். தாய் தன் சட்டகத்தை ஒரே ஒரு முறை ரெண்டர் செய்யட்டும். பிறகு பெயர் மாறும்போது அந்தப் பெயர் இருக்கும் எலிமென்ட்டை மட்டும் திருத்தட்டும்.

முடிவிலி: அப்போது பெயரைக் காட்டும் தர்க்கம் டெம்ப்ளேட்டில் ஒன்று, திருத்தும் செயல்கூறில் ஒன்று என இரண்டு இடங்களில் எழுதப்படும். ஆறு மாதத்தில் இரண்டும் வேறுபடும்.

பதில்: வேறுபடும், நானே அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். அதனால் மாறக்கூடிய தலைப்புப் பகுதியையும் சேய் இல்லாத ஒரு தனி வியூவாக்கிவிடுகிறேன். சேய் இல்லாத வியூ எத்தனை முறை வேண்டுமானாலும், நீங்கள் விரும்புவது போல, முழுமையாக ரெண்டர் ஆகலாம். சேய் உள்ள வியூ ஒரு முறைதான் ஆகும். இந்தப் பிரிவினைக்குள் உங்கள் எறியத்தக்க வியூக்களுக்கும் இடம் இருக்கிறது.

வளைவடைப்பு: இதைத்தானே ரியாக்ட் தானாகச் செய்கிறது?

பதில்: அங்கும் பட்டியலின் உருப்படிகளை அடையாளம் காட்டும் கீயாக ரேண்டம் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு ரெண்டரிலும் பெட்டி அழிந்து பிறக்கும். இனி ரியாக்ட் கேள்விகளை அதற்குரிய இடத்தில் கேளுங்கள்.

எழுத்துரு: சேய் வியூவில் வரைபடம் ஒன்று வரைகிறேன். ரெண்டரில் அகலத்தை அளந்தால் எப்போதும் 0 வருகிறது.

பதில்: ரெண்டர் ஓடும்போது எலிமென்ட் இன்னும் ஆவணத்தில் இல்லை, ஆவணத்தில் இல்லாததற்கு அகலமும் இல்லை. எலிமென்ட் ஆவணத்தில் சேர்ந்ததும் தானாக அழைக்கப்படும் கொக்கி பேக்போனில் கிடையாது. பேக்போனின் மேல் கட்டப்பட்ட மாரியோனெட்டில் ஆன்அட்டாச் உண்டு. அதைப் பயன்படுத்தாதவர்கள், தாயைப் பக்கத்தில் வைத்தவரே அதன் ஆன்அட்டாச்சை அழைத்து, தாய் தன் சேய்களுக்கு அதைக் கடத்தும்படி எழுதிக்கொள்ள வேண்டும். செட்டைம்அவுட்டில் 0 கொடுத்து ஒப்பேற்றாதீர்கள்; ஒரு நாள் தாய் தாமதமாகச் சேர்க்கப்படும், வரைபடம் மறுபடி சுருங்கும்.

கடைநிலை: பக்கம் மாறித் திரும்பினால் எச்சரிக்கைப் பெட்டி இரண்டு முறை வருகிறது.

பதில்: சுழியத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். உருவாக்கியவரே அழிக்க வேண்டும்.

நள்ளிரவு: 1000 வரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில் திரை உறைகிறது. மேலும், கலெக்‌ஷன் (மாடல்களின் தொகுப்பு) ரீசெட் ஆகி முழுவதும் மாற்றப்பட்டால் பழைய வரிசை வியூக்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வரிசைகளை முதலில், திரையில் இல்லாத தற்காலிகக் கொள்கலனான ஒரு டாக்குமென்ட் ஃப்ராக்மென்ட்டில் சேர்த்து, அதை ஒரே முறையில் பட்டியலுக்குள் வையுங்கள். ரீசெட் நடக்கும்போது ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாக ரிமூவ் நிகழ்வு வராது. ஆகவே ரிமூவை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பட்டியலில் பழைய வரிசை வியூக்கள் அப்படியே தங்கிவிடும். ரீசெட் நிகழ்வோடு வரும் ஆப்ஷன்ஸில் பிரீவியஸ்மாடல்ஸ் என்ற பெயரில் பழைய மாடல்கள் கிடைக்கும். வியூக்களை மாடலின் சிஐடியைச் சாவியாகக் கொண்டு சேமித்திருந்தால், அந்தப் பட்டியலை ஒரு முறை சுற்றி ஒவ்வொன்றின் ரிமூவையும் அழைத்துவிட்டுச் சாவியையும் நீக்கிவிடலாம்.