கொழுந்தன் கால் செருப்பும் ஹலித்ஸாவும்: உங்க கேள்விகளுக்கு பதில்

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல யூத வழக்கமான யிப்பும், ஹலித்ஸா பத்திதான். புள்ள இல்லாம செத்தவரோட விதவையை அவரோட அண்ணன் தம்பி கட்டிக்கிறது யிப்பும்; கட்டிக்காம, செருப்பைக் கழட்டி அவங்களை விடுவிக்கிற சடங்கு ஹலித்ஸா.

செத்தவருக்கு ஒரே பொண்ணு, ஆம்பளப் புள்ள இல்ல. ஹலித்ஸா வேணுமா?

வேணாம். பொண்ணு, பேரன், பேத்தி, முதல் தாரத்துப் புள்ளன்னு யார் உயிரோட இருந்தாலும் விதவைக்கு இந்தக் கட்டே இல்ல. முதல்ல புள்ள இருக்கான்னு பாருங்க, எத்தன தடவதான் சொல்றது.

அம்மா ஒண்ணு, அப்பா வேற. அந்த அண்ணன் தம்பிக்கு பொருந்துமா?

பொருந்தாது. அப்பா ஒண்ணா இருக்கணும், அம்மா யாரா இருந்தாலும் சரி. அண்ணன் செத்த பிறகு பொறந்த தம்பியும் கணக்குல வரமாட்டான்.

உபாகமம் 25ல விதவை கொழுந்தன் முகத்துல துப்பணும்னு இருக்கே, இப்பவும் அப்படியா?

இல்ல, அவன் எதிர்ல தரையில துப்புவாங்க. பெய்த் தின்ல, அதாவது யூத மத கோர்ட்டுல, மூணு தயான் (நீதிபதி), கூட ரெண்டு பேர்னு அஞ்சு பேர் இருப்பாங்க. செருப்பு கோர்ட்டோடது, முழுக்க தோல், நீளமான வாரு. அத அவன் வலது கால்ல கட்டி நாலு முழம் நடக்க விடுவாங்க. அவரு என் புருஷன் பேரை நிலைநிறுத்த மாட்டேங்குறாருன்னு அந்தம்மா எபிரேயத்துல சொல்வாங்க, எனக்கு இஷ்டமில்லன்னு அவன் சொல்வான், அப்புறம் அவங்க வலது கையால வாரை அவுத்து செருப்பை கழட்டி தரையில போட்டு, துப்பி, அண்ணன் வீட்டைக் கட்டாதவனுக்கு இப்படித்தான்னு சொல்லணும். உடனே சுத்தி இருக்கறவங்க 'ஹலூத்ஸ் ஹநாஅல்' (செருப்பு கழட்டப்பட்டவன்)னு மூணு தடவ சொல்வாங்க. அவ்வளவுதான், அந்தம்மாவுக்கு விடுதலை.

இஸ்ரேல்ல இன்னும் கொழுந்தனைக் கட்டிக்கிறாங்களா?

1950ல தலைமை ரப்பிகள் (யூத மத குருக்கள்) யிப்புமுக்கு தடை போட்டாச்சு, ஹலித்ஸா மட்டும்தான். அஷ்கெனாஸி (ஐரோப்பிய யூத) மக்கள் பல நூறு வருஷமா இப்படித்தான், செஃபார்தி (ஸ்பெயின் வழி வந்த), யேமன் யூதர்கள்ல சில இடத்துல யிப்பும் இருந்துச்சு.

பைபிள்ல விதவை ரூத்தை போவாஸ் கட்டினது யிப்பும்தானே?

போவாஸ் அவளோட செத்த புருஷனுக்கு அண்ணனும் இல்ல தம்பியும் இல்ல. ரூத் 4ல செருப்பு கழட்டுறது நிலம் கைமாறுன உறுதிக்கு. முழுசா படிச்சிட்டு எழுதுங்க.

கொழுந்தன் காசு கேட்டு இழுத்தடிச்சா? 'அவருக்கும் கஷ்டம் இருக்கும்ல'ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார்.

என்னங்க கஷ்டம்? அரை மணி நேரம் நின்னு கால நீட்டணும், அவ்வளவுதான். அந்தம்மாவுக்கு அப்படியா? ஹலித்ஸா ஆகாம வேற யாரையும் கட்ட முடியாது, புருஷன அடக்கம் பண்ணியாச்சு ஆனா ஒரு ஆளோட கைக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கணும், கொழுந்தனுக்கு ஆறு வயசுன்னா அவனுக்கு பதிமூணு ஆகுற வரைக்கும் காத்திருக்கணும், இதுல இவன் காசு வேற கேப்பானாம். இது பழைய நோய்தான். யூத சட்ட நூலான தல்மூத்ல யெவாமோத் பகுதியிலயே இதுக்கு வழி இருக்கு, 200 ஸூஸ் (அந்தக் காலத்துக் காசு) தர்றோம்னு அவனை நம்ப வச்சு ஹலித்ஸா வாங்கிடலாம், ஹலித்ஸா செல்லும், அந்தக் காசை கொடுக்க வேண்டியதில்ல. அஷ்கெனாஸி குடும்பங்கள்ல கல்யாணத்தப்பவே மாப்பிள்ளையோட அண்ணன் தம்பிங்ககிட்ட காசு வாங்காம ஹலித்ஸா தருவோம்னு கையெழுத்து வாங்குற வழக்கம் இருந்துச்சு, அத விட்டதுதான் தப்பு, எல்லா கல்யாணத்துலயும் மறுபடி கொண்டு வரணும்ங்கிறேன். இஸ்ரேல்ல 1953 சட்டம் இருக்கு, ரப்பி கோர்ட் உத்தரவு போட்டு மூணு மாசம் ஆகியும் அவன் செய்யலன்னா அட்டர்னி ஜெனரல் மனு போடலாம், மாவட்ட கோர்ட் அவனை ஜெயில்ல வைக்கும். அதனால ரகசியமா பேரம் பேசி காசை அழாதீங்க, நேரா பெய்த் தின் போங்க.

கொழுந்தன் வெளிநாட்டுல இருக்கார், கெட் (யூத விவாகரத்துப் பத்திரம்) மாதிரி ஆள் மூலமா அனுப்பலாமா? வீடியோ கால்?

ரெண்டும் முடியாது. கெட்டை தூதர் மூலமா அனுப்பலாம், ஹலித்ஸாவுக்கு ரெண்டு பேரும் நேர்ல நிக்கணும்.

புருஷன் செத்த மறுவாரமே ஹலித்ஸா பண்ணலாமா?

கூடாது, மூணு மாசம் போகணும். வயித்துல புள்ள இருக்கான்னு தெரியணும்ல. திரும்பவும் சொல்றேன், முதல்ல புள்ள இருக்கான்னு பாருங்க.

ஹலித்ஸா வாங்கின பிறகு ஒரு கோஹனைக் (ஆசாரிய வம்சத்து ஆளை) கட்டிக்கலாமா?

கோஹனை மட்டும் கட்ட முடியாது.